செல்வலட்சுமி வீட்டு டிவியில் குதிரைகள்

செல்வலட்சுமிக்குத் தன் புருசனிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் எதையாவது கேட்க வேண்டும். தண்ணீர் கேட்கலாம், வெற்றிலை கேட்கலாம், குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுக்கூடக் கேட்கலாம். கல்யாணமான புதிதில் "ஓயாம எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காரும்மா" என்று அம்மா வீட்டுக்குப் போய்ப் புகார் சொன்னவளும் அவள்தான்.

முனியராஜ் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. ஆஸ்பத்திரியில் கொடுப்பதற்கு மாத்திரை என்று பெயர். போன வருடத் தீபாவளி சீசனில் அவன் வேலை பார்த்த அறை வெடித்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். சல்லடை எடுக்க வெளியே வந்திருந்த இவன் பிழைத்தான். முதுகிலும் கையிலும் பட்ட தீக்காயம் ஆறியது. காது நன்றாகவே கேட்கிறது, நாக்கிலும் குறையில்லை என்றார் டாக்டர். குறையில்லாத காதையும் நாக்கையும் வைத்துக்கொண்டு முனியராஜ் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். சோறு வைத்தால் சாப்பிட்டான். வைக்காவிட்டால் கேட்கவில்லை. ஒரு நாள் அவள் வேண்டுமென்றே மத்தியானச் சோறு வைக்காமல் இருந்து பார்த்தாள். பொழுது சாயும்வரை அவன் சுவரைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். கடைசியில் பசி பொறுக்காமல் எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான்.

அவள் அழுது தீர்த்து வெகுநாளாகியிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அந்த மாதிரி இருந்தது அவளுக்கு. வலி இல்லை. ஆனால் கன்னம் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் கம்பெனி வேன் ஏறிப் போய்ச் சரவெடி பின்னினாள். அதற்கு மனசு வேண்டாம், விரல் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கஷ்டம். வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போவாள். அப்படி ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஈரக்கையோடு உள்ளே வந்தபோது முனியராஜின் தலை சுவரிலிருந்து டிவிப் பக்கம் திரும்பியிருந்தது. தானாகத் திரும்பியிருந்தது. அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

டிவியில் குதிரைகள் ஓடின. வானத்தில் இரண்டு சூரியன்கள் இருந்தன. தொப்பி போட்ட ஒருவன் குதிரைமேல் இருந்தபடி ஆகாயத்தில் போகும் கப்பலைச் சுட்டுக்கொண்டிருந்தான். தொடருக்குச் 'செம்புழுதிக் கிரகம்' என்று பெயர். எங்கோ வெளிநாட்டில் எடுத்து, சென்னையில் தமிழ் பேசவைத்து, ஏதோ ஒரு சேனலில் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். மனிதர்கள் பூமியை விட்டு வேறொரு கிரகத்துக்குப் போய், அங்கேயும் மாடு மேய்த்து, அங்கேயும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு சாகிறார்கள். கதை அவ்வளவுதான். இவ்வளவு தூரம் போனவர்கள் இதற்காகவா போனார்கள் என்று படித்தவர்கள் கேட்கலாம். செல்வலட்சுமி கேட்கவில்லை. அவள் வாரா வாரம் பத்து மணிக்கு டிவியைப் போட்டாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வேனில் அவள் இதைச் சொன்னதும் பக்கத்து சீட்டுச் சின்னத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மதினி, நெசமாவா? அண்ணன் தலையத் திருப்பிப் பாத்தாகளா?"

"பாத்தாருன்னுதான் சொல்றேன்."

"அப்ப நானும் வாரேன். அப்பிடி என்னத்தத்தான் காட்டுறாகன்னு பாப்போம்."

சின்னத்தாய் முனியராஜைப் பார்க்கத்தான் வந்தாள், பார்த்தது தொடரை. அடுத்த வாரம் பாண்டிச்செல்வியைக் கூட்டி வந்தாள். அதற்கடுத்த வாரம் பல்லில்லாத பஞ்சம்மாள் தானாகவே வந்து முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டாள். மாதம் ஒன்று போவதற்குள் அந்த ஓட்டு வீட்டுக்குள் மூச்சுவிட இடமில்லை. துக்க வீட்டுக்கு வருகிற தோரணையில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்தவர்கள், உள்ளே நுழைந்ததும் "தொப்பிக்காரன் வந்துட்டானா?" என்று கேட்டார்கள்.

வேற்றுக் கிரகம் என்பது அவர்களுக்குச் சிரமமாகவே இல்லை. வெயில், புழுதி, ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடுவே தலைமுறை தூரம். "இதென்ன புதுசா? ஆலங்குளம் சுண்ணாம்புக்கல் குழி மாதிரில்ல இருக்கு" என்றாள் பஞ்சம்மாள். ஆகாயக் கப்பல் வைத்திருக்கிற ஊரில் எதற்குக் குதிரையில் போகிறார்கள் என்று பாண்டிச்செல்வி சந்தேகம் கேட்டபோது, சின்னத்தாய் முகத்தைத் திருப்பாமலேயே பதில் சொன்னாள்: "மொதலாளிகிட்ட காரு இருக்கு. நீ ஏன் வேன்ல நசுங்குத?"

அவர்களால் தாங்கிக்கொள்ள முடியாத விஷயம் ஒன்றுதான். தொப்பிக்காரன் மருந்துப் பீப்பாய்மேல் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பற்றவைப்பான். உடனே வீடே கூச்சல் போடும்.

"ஏலே! ஏலே! அங்கன போயிப் பத்தவைக்கான் பாரு!"

"கேட்ல தீப்பெட்டிய வாங்கி வைக்கலயா? செக்கிங் பண்றவன் என்ன பண்றான்?"

"செருப்பப் பாருக்கா, ஆணி அடிச்ச செருப்பு! பொறி பறக்காது?"

சாவதற்குப் பயப்படாதவன் என்று காட்டத்தான் சுருட்டு. பார்த்தவர்களுக்கோ அவன் வேலை தெரியாதவனாகத் தெரிந்தான். அதனாலேயே அவன்மேல் அவர்களுக்குப் பிரியம் கூடியது. இந்த வாரம் எப்படியும் செத்துவிடுவான் என்று ஒவ்வொரு ஞாயிறும் பதறிக்கொண்டு வந்தார்கள். முனியராஜ் மூலையில் உட்கார்ந்து பார்த்தான். அவன் பதறவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஆனால் தொடர் முடியும்வரை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. செல்வலட்சுமி டிவியைப் பார்த்ததைவிட அவன் கழுத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

இத்தனை பேர் பேசினால் டிவி எங்கே கேட்கும்? பாண்டிச்செல்வியின் புருசன் கதிரவன் கல்யாணம், சடங்கு, கோயில் கொடைக்கெல்லாம் ரேடியோ செட் கட்டுகிறவன். பெண்டாட்டி நச்சரிப்புத் தாங்காமல் ஒரு ஞாயிறு இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்தான். உள்ளே வைக்க இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்க்க வைத்து ஒயரை உள்ளே விட்டான். "இனிமே கொட்டாவி விட்டாக்கூடத் தெருவுக்கே கேக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. ஆர்டர் முடியாத கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமையும் சத்தமில்லாமல் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் போயிருந்தார்கள். போனதாக யாரும் வெளியே சொல்லவில்லை.

அன்றைக்குத் தொப்பிக்காரனின் எதிரிகள் ஒரு ஆகாயக் கப்பலை வெடிக்கவைத்தார்கள்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சத்தம் கேட்டால் செய்ய வேண்டியதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வெளியே வந்து புகை எந்தத் திசையில் என்று வானத்தைப் பார்ப்பார்கள். அடுத்து ரோட்டுக்கு ஓடுவார்கள். எதிரே வருகிறவனிடம் "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். அன்றைக்கும் கேட்டார்கள். வானத்தில் புகை இல்லை; புகை இல்லாதது இன்னும் பயமாக இருந்தது. ஊர்த்தலைவரின் பெயர் ஊர்க்காவலன். அவர் மகள் அன்று வேலைக்குப் போயிருந்தாள். அவர் பாதி சவரம் செய்த முகத்தோடு, சோப்பு நுரை காற்றில் பறக்க, பேருந்து நிறுத்தம்வரை ஓடினார். யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்கள்.

உள்ளே இருந்தவர்களுக்குக் கப்பல்தான் வெடித்தது என்று தெரியும். அவர்கள் அசையவில்லை. ஆனால் தெருவில் ஆட்கள் ஓடுகிற சத்தமும் "வெடிச்சிருச்சு, வெடிச்சிருச்சு" என்ற அலறலும் கேட்டன. கப்பல் வெடித்த சத்தத்தில் நிஜமாக வெடித்தது கேட்காமல் போய்விட்டதே என்று பஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடியது. தாங்கள் போட்ட சத்தத்தைத் தேடி அவர்களே ஓடினார்கள்.

செல்வலட்சுமியும் ஓடினாள். அவளுக்குக் கம்பெனியில் யாரும் இல்லை. அவள் தேடி ஓட வேண்டிய ஒரே ஆள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். இதெல்லாம் பிள்ளையார் கோயில் தாண்டின பிறகுதான் நினைவுக்கு வந்தது. கால் மட்டும் நிற்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அதுபாட்டுக்கு ஓடியது.

தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வந்து நின்றது. "எங்கய்யா?" என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு திசையில் கை நீட்டினார்கள். கடைசியில் டீக்கடையிலிருந்து வந்த கதிரவன்தான் "சார், அது... டிவியிலங்க" என்றான். வண்டிக்காரர்கள் மணியை நிறுத்தினார்கள். பிறகு கீழே இறங்கி ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

செல்வலட்சுமி வீட்டுக்கு வந்தபோது காலியான அறையில் முனியராஜ் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்து தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் இல்லாததால் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் ஊர்க்காவலன் வந்தார். மறுகன்னச் சவரம் இன்னும் பாக்கி இருந்தது.

"ஏம்மா செல்வலட்சுமி, நீ படம் பாரு. வேண்டாங்கல. ஆனா சத்தம் ஆகாது."

"பெட்டியக் கதிரவன் எடுத்துட்டுப் போயிட்டான் மாமா."

"பெட்டி மட்டுமில்ல தாயி, டிவிச் சத்தமும் ஆகாது. சீசன் முடியுற மட்டும் இந்த ஊர்ல எங்கனயும் டுமீல்னு கேக்கக் கூடாது. எனக்கு நெஞ்சு இன்னும் அடங்கல, பாரு." அவள் கையைப் பிடித்துத் தன் மாரில் வைக்கப்போனவர், மருமகள் முறை என்று ஞாபகம் வந்து, கையைத் தன் மாரிலேயே வைத்துக்கொண்டார்.

நாடெங்கும் விற்பதற்கு வெடி செய்கிற ஊரில் வெடிச்சத்தத்துக்குத் தடை என்பதில் அங்கே யாருக்கும் விசித்திரம் தெரியவில்லை. செல்வலட்சுமிக்கு உள்ளூர ஆறுதலாகவே இருந்தது. வெடித்த அறையிலிருந்து வந்த மனுசன். இந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க என்ன ஆகுமோ என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாக அணைத்தாள்.

ஊமைப்படமாகவும் கூட்டம் பார்த்தது. பேச்சில்லாத குறையைச் சின்னத்தாய் தீர்த்துவைத்தாள். தொப்பிக்காரன் வாயசைத்தால் அவள் பேசுவாள்.

"இந்தா பாரு, அட்வான்சு வாங்கிட்டு வேற கம்பெனிக்கு ஓடிப்போன பய நீதான?"

எதிரிக்குப் பாண்டிச்செல்வி பேசினாள். "நான் ஓடல மொதலாளி. எங்க மதினிக்கு வளைகாப்பு."

குதிரைக்குக்கூடப் பஞ்சம்மாள் ஒரு புலம்பல் வைத்திருந்தாள். சிரிப்பில் ஓடு குலுங்கியது. கதை எங்கெங்கோ போனது. திங்கட்கிழமை வேனில் பக்கத்து ஊரிலிருந்து ஏறுகிறவர்கள் சத்தத்தோடு பார்த்த கதையைச் சொல்வார்கள். இவர்கள் திகைத்துப்போவார்கள்.

"அந்த மஞ்சச் சட்டைக்காரி அவன் தங்கச்சியாம்லா!"

"அடப்பாவி, நாங்க போன வாரம் ரெண்டு பேருக்கும் பரிசமே போட்டுட்டோமே!"

செல்வலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் சிரித்திருக்கலாமே என்று தோன்றும். முனியராஜின் கழுத்து சில ஞாயிறுகளில் டிவிப் பக்கம் இருந்தது, சில ஞாயிறுகளில் பாதியிலேயே சுவருக்குப் போனது. உடம்புக்குச் சுகமில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். சத்தத்தை அணைத்தோம் என்பதையும் இதையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை.

தீபாவளி முடிந்தது. ஊர் அதைக் கொண்டாடியது என்று சொல்ல முடியாது, தூங்கியது. அந்த வாரம் வேன் ஓடவில்லை. கேபிள் வைத்திருக்கிற காளிராஜ் சந்தா வாங்க வந்தபோது செய்தி கொண்டுவந்தான். வருகிற ஞாயிறோடு 'செம்புழுதிக் கிரகம்' முடிகிறது.

"முடியுதா? இன்னும் அந்தக் கப்பல வெடிக்க வச்சவனையே பிடிக்கலையே" என்றாள் சின்னத்தாய்.

"அந்த நாட்டுலயே நிப்பாட்டிட்டாங்களாம்க்கா. யாரும் பாக்கலையாம்."

"யாரும் பாக்கலையா? அப்ப நாமள்லாம் யாருலே?"

காளிராஜ் சந்தா நோட்டை மடக்கினான். "ஒங்களக் கணக்குல சேக்கல போல" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

கடைசி ஞாயிறுக்கு எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு சாவை எதிர்பார்த்து வந்த கூட்டம்தான் அது. சீசன் முடிந்திருந்தாலும் சத்தத்தை வைக்க யாருக்கும் தோன்றவில்லை, ஊமைப்படம் பழகிவிட்டது. தொப்பிக்காரன் கிணற்று மேட்டில் நின்று மஞ்சள் சட்டைக்காரியிடம் நீளமாக என்னவோ பேசினான். சின்னத்தாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை.

"தங்கச்சி, நான் போயிட்டா இந்த மாட்டயெல்லாம் பாத்துக்க. கோடியில நிக்கிற செவல முட்டும். அப்புறம், நம்ம வேன் டிரைவரு..."

"சத்தம் வையி."

பாண்டிச்செல்விதான் எதிரியின் குரலில் பேசிவிட்டாள் என்று சின்னத்தாய் நினைத்தாள். "நீ எதுக்குடி ஊடால பேசுத? இது என் வசனம்" என்றவள், பாண்டிச்செல்வியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பாண்டிச்செல்வி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

முனியராஜின் குரல் வெகுநாள் திறக்காத பெட்டி மாதிரி இருந்தது. "சத்தம் வையி. அவன் என்ன சொல்றான்னு கேக்கணும். இவ சொல்றது அது இல்ல."

பஞ்சம்மாள் முந்தானையைக் கையில் எடுத்துவிட்டாள். செல்வலட்சுமி ஓவென்று அழப்போகிறாள், கூட அழ வேண்டும் என்று தயாராக உட்கார்ந்தாள். செல்வலட்சுமி அழவில்லை.

"சின்னதா வைக்கவா, பெருசா வைக்கவா?" என்று கேட்டாள்.

"கேக்குற மாதிரி."

அவள் ரிமோட்டை எடுத்தாள். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. துணி சோப்பு ஒன்றின் பெருமையை வீடு முழுவதும் வாய் திறக்காமல் கேட்டது. பிறகு தொப்பிக்காரன் வந்தான், குதிரை ஏறினான், சுட ஆரம்பித்தான். சின்ன வீட்டில் அந்தச் சத்தம் பெரிதாக இருந்தது. செல்வலட்சுமி புருசனின் கையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிவாரிப் போட்டது அவளுக்குத்தான். அவன் முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, காது மந்தமானவர்கள் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தெருவில் காலடிச் சத்தம் வந்தது. வாசலில் ஊர்க்காவலன் நின்றார்.

"ஏம்மா, சீசன் முடிஞ்சா மட்டும் என் நெஞ்சு தாங்குமா? ஒனக்கு எம்புட்டு சொல்லியும்..."

"அவரு கேட்டாரு மாமா."

"எவரு?"

"அவருதான்."

ஊர்க்காவலன் மூலையைப் பார்த்தார். முனியராஜ் அவரைப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, மறைக்கிறீர்கள், தள்ளி நில்லுங்கள் என்று காட்டினான். ஊர்த்தலைவர் தள்ளி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இவன் எதுக்குச் சுடுதான்?" என்று மெதுவாகக் கேட்டார். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நாலைந்து வாரமாக வேறு கதை அல்லவா ஓடியிருக்கிறது?

தொப்பிக்காரன் சாகவில்லை. பிழைக்கவும் இல்லை. இரண்டு சூரியனையும் பார்த்தபடி குதிரையில் போய்க்கொண்டே இருந்தான். பாதியில் எழுத்துப் போட்டுவிட்டார்கள். "இதுக்கா தலைக்கு ஊத்திட்டு வந்தேன்" என்று முனகிக்கொண்டே பஞ்சம்மாள் எழுந்தாள். போகும்போது ஒவ்வொருத்தியும் செல்வலட்சுமியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தொட்டது தெரிந்தது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. உலை வைக்க நேரமாகிவிட்டது என்று அடுப்படிக்குப் போனாள்.

அன்றைக்கு அவன் சோறு கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. வைத்தாள், சாப்பிட்டான். "அண்ணன் வேற எதும் பேசினாகளா?" என்று வழியில் பார்க்கிறவர்களெல்லாம் விசாரித்தார்கள். "இல்ல" என்றாள். அவர்கள் "பேசுவாக, பேசுவாக" என்றார்கள். பேசினால் என்ன பேசுவான் என்று அவளும் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. பத்து மணிக்கு அவள் பழக்கத்தில் டிவியைப் போட்டாள். குதிரைகள் வந்த இடத்தில் ஒரு அம்மாள் கத்தரிக்காயைப் பிளந்து மசாலா அடைத்துக்கொண்டிருந்தாள். முனியராஜ் சிறிது நேரம் கத்தரிக்காயைப் பார்த்தான்.

"மாத்து" என்றான் முனியராஜ்.

மாற்றினாள். பாட்டு வந்தது. இன்னொன்று மாற்றினாள். யாரோ ஜோசியம் சொன்னார்கள். இன்னொன்று. கிரிக்கெட். அவன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கமும் திரும்பவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.